பாம்புக்கண் புல்வெளிப் பல்லியைத் தேடிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

யானை பார்க்க வேண்டுமென்றால் சத்தியமங்கலம் பக்கம் பஸ்ஸில் போனாலே அதிர்ஷ்டம் இருந்தால் கிடைத்துவிடும். புலிக்கு முதுமலை இருக்கிறது. இந்தப் பல்லிக்கு அதெல்லாம் வேண்டாம், ஊருக்கு வெளியே ஆடு மேயும் புறம்போக்கு, கல் நட்டு மனை பிரித்துவிட்டு யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற நிலம், குன்றடிவாரத்துச் சரளை மேடு என்று எங்காவது ஒரு காலை நேரம் போனால் போதும். ஆனாலும் இதைத் தெரிந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. கண்ணில் பட்டாலும் "அரணை ஓடுது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறோம். அதை அடையாளம் கண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, படம் எடுத்து, உருப்படியாகப் பதிவு செய்வது வரைக்கும் இங்கே சொல்கிறேன்.

1. முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும்

அறிவியல் பெயர் ஒபிசாப்ஸ் லெஷனால்ட்டி. லாசெர்ட்டிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் சுவர் இடுக்கிலும் தோட்டத்திலும் ஓடுகிற பல்லிகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான், அங்கே இவை சர்வசாதாரணம். தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தச் சின்ன உருவத்தையும் இதன் நெருங்கிய உறவுகளையும்தான் தேட வேண்டும். தீபகற்ப இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் வாழ்கிறது. இலங்கையில் இருப்பதைத் தனித் துணையினமாக வைத்து லங்கே என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பல்லி சைப்ரஸிலும் துருக்கியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தின் சொந்தபந்தம் அவ்வளவு தூரம் நீள்கிறது.

உடல் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். வால் அதைவிட நன்றாக நீளம், ஒன்றரை மடங்குக்கு மேலேயே இருக்கும். முதுகு செம்பொன் கலந்த பழுப்பு. பக்கத்துக்கு இரண்டாக வெளிர்க் கோடுகள் கண்ணுக்குப் பின்னாலிருந்து தொடங்கி இடுப்பு வரை போகும், நடுவில் அடர்ந்த கறுப்புப் பட்டை. வயிறு வெள்ளை. வால் பக்கம் போகப் போகச் செம்மை ஏறும், சிலவற்றில் நல்ல சிவப்பாகவே தெரியும். காய்ந்த புல்லுக்கு நடுவே அது ஓடும்போது முதலில் கண்ணில் படுவது அந்தச் செம்மைதான்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓணானும் அரணையும் கண் சிமிட்டும். இது சிமிட்டாது. கீழிமை மேலே போய் மேலிமையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மூடியாகிவிட்டது. பாம்புக்கு இருக்கும் அதே அமைப்பு. பாம்புக்கண் பல்லி என்ற பெயருக்குக் காரணம் அதுதான், மற்றபடி பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, விஷமும் இல்லை.

இதை 1829இல் முதலில் விவரித்தவர் மில்ன்-எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். நண்டு, இறால் ஆராய்ச்சிக்குப் பெயர் போன ஆள். பல்லி கிடைத்த இடம் சோழமண்டலக் கரை. பெயரில் இருக்கும் லெஷனால்ட், 1816இல் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய பிரெஞ்சுத் தாவரவியலாளர். வேடிக்கை என்னவென்றால், நம் விசிறி ஓணானுக்கும் அதே 1829இல்தான் இன்னொரு பிரெஞ்சுக்காரரான கூவியே புதுச்சேரியின் பெயரை வைத்தார். நம் கரை நிலத்துப் பல்லிகள் இரண்டு ஒரே வருடத்தில் பாரிஸில் பெயர் வாங்கியிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் புல் பல்லி என்று ஆங்கிலத்தில் தேடினால் உடலைப்போல் மூன்று மடங்கு வால் வைத்த, மெலிந்த பல்லி ஒன்றின் படங்களாக வந்து கொட்டும். அது டாக்கிட்ரோமஸ், வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இருப்பது. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு திருப்பூரில் தேடக் கூடாது.

2. இடம் பார்ப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. இந்தப் பல்லிக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும்: வெயில் காய வெட்டவெளி மண், ஆபத்து என்றால் பாய்ந்து ஒளிய புல் தூறு. முழுக்கப் புல் மூடியிருந்தால் சரிப்படாது, மொட்டைத் தரையாக இருந்தாலும் சரிப்படாது. தூறு, அப்புறம் ஓரடி இரண்டடி வெறும் மண், அப்புறம் மறுபடி தூறு என்று விட்டு விட்டு இருக்கிற தரைதான் லாயக்கு. அங்கங்கே உள்ளங்கை அளவு கற்கள் கிடந்தால் இன்னும் நல்லது.

கொங்கு நாட்டில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் கொறங்காடு என்றொரு மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காட்டைப் பல பட்டிகளாகப் பிரித்து, மாட்டை ஒன்றில் விட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். அதனால் புல் ஒரேயடியாக மண்டுவதும் இல்லை, ஒட்ட மேய்ந்து அழிவதும் இல்லை. இப்படிப்பட்ட பல்லிக்கு இதைவிடப் பொருத்தமான தரையை யாரும் திட்டம் போட்டுக்கூட அமைக்க முடியாது. ஆனால் கொறங்காடு தனியார் நிலம். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கிளுவை வேலியில் இருக்கும் கடவைப் போகும்போதும் வரும்போதும் மூடிவிடுங்கள். மாடு வெளியே போனால் அப்புறம் உங்களுக்கு அந்த ஊரில் இடமில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் செம்மண் சரளை மேடுகள், ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லும் நிற்கும் குன்றடிவாரங்கள், வறண்ட ஓடைக்கரைகள், மந்தைவெளி ஆகியவற்றைப் பார்க்கலாம். கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட தரை செம்பழுப்பில் பச்சைப் புள்ளி தெளித்த மாதிரித் தெரியும். ஒரே கரும்பச்சையாக அடர்ந்து தெரிந்தால் அநேகமாகச் சீமைக் கருவேலம். அந்த நிழலுக்குக் கீழே புல் வளராது, இதற்கு வெயிலும் கிடைக்காது, அதனால் தவிர்த்துவிடுங்கள். நெல் வயல், தென்னந்தோப்பு, தண்ணீர் பாய்ச்சி வெட்டிவிடும் புல்தரை எதுவும் வேண்டாம்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதற்கு அவசியமும் இல்லை, காட்டுக்கு வெளியே இருக்கும் நிலமே ஏராளம்.

3. நேரம்

இது பகல் பல்லி. இரவு டார்ச்சோடு போனால் ஒன்றும் கிடைக்காது. வெயில் ஏறித் தரை கொஞ்சம் சுட ஆரம்பித்ததும் வெளியே வரும். காலை எட்டிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். கோடையில் பதினொன்றுக்கு மேல் தூறின் அடியில் போய்விடும், மாலை நாலுக்கு மேல் கொஞ்ச நேரம் மறுபடி தலைகாட்டும். மார்கழி, தை மாதங்களில் கணக்கு தள்ளிப்போகும்: காலையில் சோம்பலாகத் தாமதித்து வரும், ஆனால் நடுப்பகலிலும் வெளியே இருக்கும். மேகம் மூடிய நாளில் போய் அலுத்துக்கொள்ள வேண்டாம். மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் காலை கிடைத்தால் வேறு வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள், பூச்சிகள் நிறைய வெளியே வந்திருக்கும், அதுவும் வந்திருக்கும்.

4. நடப்பதும் நிற்பதும்

எடுத்துப்போக வேண்டியவை குறைவுதான்: கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தடித்த துணியில் முழுக்கால் சட்டை, தொப்பி, தண்ணீர், ஒரு குச்சி. இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் பைனாகுலர் இருந்தால் வேலை பாதியாகும். பறவை பார்க்கும் சில பைனாகுலர்களில் பக்கத்தில் இருப்பது மங்கிவிடும், வாங்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

பூட்ஸைப் பற்றி அலட்சியம் வேண்டாம். இதே சரளை நிலம்தான் சுருட்டை விரியனுக்கும் வீடு. அதனால் கல்லைக் கையால் புரட்டாதீர்கள், தூறுக்குள் கையை விடாதீர்கள், பார்க்காமல் தரையில் உட்காராதீர்கள். கடிபட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கூடாது, காலை அசைக்காமல் வைத்து 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, நடை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரித் திசை பார்த்துத் தொடங்குங்கள், அப்போதுதான் பல்லியின் கோடுகள் தெரியும். ஆனால் உங்கள் நிழல் முன்னால் நீளும், அது பல்லியின் மேல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, வல்லூறு வந்ததாக நினைத்து மறைந்துவிடும். ஆகவே நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்த்து நடக்க வேண்டும். நாலைந்து அடி நடந்து நின்று, காலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தரையை இடமிருந்து வலமாகத் துழாவுங்கள். தேட வேண்டியது பல்லியை அல்ல, அசைவை. ஆட்டுத்தடம் இருந்தால் அதன் ஓரமாகவே போகலாம், புல்லும் மண்ணும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான் அது வெயில் காயும்.

முதல் தடவை நீங்கள் பார்க்கப் போவது அநேகமாக ஒரு கீற்றுதான். சர்ரென்று தரையோடு தரையாக ஒரு கோடு போய்த் தூறுக்குள் நின்றுவிடும். இங்கேதான் எல்லோரும் பின்னாலேயே ஓடுவார்கள். ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே, தரையைப் பார்த்துவிட்டு, மெல்லக் குந்தி உட்காருங்கள். இந்தப் பல்லி தூரமாக ஓடிப் போகிற ரகம் இல்லை. ஒரு தூறிலிருந்து அடுத்த தூறு, அவ்வளவுதான் அதன் ஓட்டம். அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தூறின் மறுபக்கத்திலிருந்து மூக்கு நீளும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். முதலில் தலை மட்டும் வெளியே வரும், சட்டென்று நாக்கு நீட்டி மண்ணைத் தொட்டுவிட்டு உள்ளே போகும். இரண்டு அங்குலம் ஓடும், நிற்கும். மறுபடி நாக்கு. வெயில் பட்ட கல் ஓரத்தில் வயிற்றைத் தரையோடு அழுத்திப் பரப்பிக்கொண்டு கிடக்கும்போது விலா ஏறி இறங்குவது பைனாகுலரில் தெளிவாகத் தெரியும். கறையான் வரிசையோ வெட்டுக்கிளிக் குஞ்சோ பக்கத்தில் வந்தால் தலையைச் சாய்த்து ஒரு கணம் பார்க்கும், பிறகு பாய்ந்து கவ்வி, இரண்டு உதறு உதறிவிட்டு விழுங்கும். வெட்டுக்கிளியின் பின்னங்கால் வாயோரத்தில் கொஞ்ச நேரம் துருத்திக்கொண்டிருக்கும். இவ்வளவும் கண்ணைச் சிமிட்டாமலே நடப்பதுதான் பார்க்க விசித்திரம்.

கொறங்காட்டில் இப்படிக் குந்தியிருந்தால் ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது கட்டாயம் வந்து நிற்பார். "ஏனுங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" பல்லி பார்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார். "அட, இந்த அரணைக் குட்டிக்கா வெயில்ல குந்தியிருக்கறீங்க? அதா, அந்தக் கல்லுமேட்டுப் பக்கம் போனீங்கன்னா எக்கச்சக்கமா ஓடுமுங்க." அந்தத் தகவலை உதாசீனம் செய்யாதீர்கள். நாள் முழுக்கத் தரையைப் பார்த்து நடக்கிறவர்கள் அவர்கள்தான்.

5. அதுதானா என்று உறுதி செய்வது

அரணையோடுதான் முதல் குழப்பம். அரணை எண்ணெய் பூசிய மாதிரிப் பளபளக்கும், கழுத்தும் தலையும் ஒரே தடிமனாக உருண்டு இருக்கும். நம்முடையது பளபளக்காது. முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வரம்பு ஓடுவதால் மேல்தோல் சொரசொரப்பாகத் தெரியும், கழுத்து தலையைவிடச் சற்று ஒடுங்கியிருக்கும். "அரணை கடித்தால் மரணம்" என்ற பழமொழி அரணைக்கே பொய், அதை இதன் தலையிலும் கட்ட வேண்டாம்.

சிவப்பு வாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பாம்புராணி என்று பல ஊர்களில் சொல்லப்படும், சின்னக் கால் வைத்த வழுவழுப்பான அரணையின் குஞ்சுக்கும் வால் சிவப்புதான். கால் நீளத்தைப் பாருங்கள். நம் பல்லிக்கு ஓடுவதற்கான ஒழுங்கான கால்கள், பின்னங்கால் விரல்கள் நல்ல நீளம்.

விசிறி ஓணான் இதே தரையில் இருக்கும். அதன் முதுகில் சாய்சதுரத் திட்டுகள் வரிசையாக இருக்கும், ஆணுக்குத் தொண்டையில் விசிறி இருக்கும், அவசரத்துக்கு இரண்டு காலில் எழுந்து ஓடும். பின்னங்காலில் நாலே விரல், நம்முடையதற்கு ஐந்து. பாறை ஓணான் உருவத்திலேயே பெரியது, அதில் குழப்பம் வராது.

கஷ்டமான குழப்பம் இதன் சொந்தக்காரர்களோடுதான். ஜெர்டானி, பெட்டோமி, மைனர் என்று அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். கோடுகளும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. தலைமேல் இருக்கும் பெரிய தகட்டுச் செதில்களின் எண்ணிக்கையும் அமைப்பும் மூக்கைச் சுற்றியுள்ள செதில்களும்தான் பிரித்துக் காட்டும். அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, படம் வேண்டும்.

6. படம்

மூன்று கோணம் கட்டாயம். நேர் மேலிருந்து தலை, பக்கவாட்டில் முகம், மேலிருந்து முழு உடல். நாலாவதாக அது இருந்த தரையின் படம் ஒன்று. இதை யாரும் எடுப்பதில்லை, பின்னால் ரொம்ப உதவும். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸோ 70-300 சூமோ இருந்தால் நல்லது. கைபேசி என்றால் மூன்று மடங்கு சூமில் வைத்து, நிறைய எடுத்து, பிறகு கழிக்கலாம். பிளாஷ் வேண்டாம், செதில் வரம்பின் நிழல் செத்துப்போய்விடும். முதல் படத்தைத் தூரத்திலேயே எடுத்துவிட்டு, அப்புறம் நெருங்குங்கள்.

படத்துக்காகப் பிடிப்பது, டப்பாவில் போடுவது, பிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து அசையாமல் செய்வது எல்லாம் இணையத்தில் சிலர் செய்கிற அசிங்கங்கள். வாலைப் பிடித்தால் வால் கையோடு வந்துவிடும். மறுபடி முளைக்கும்தான், ஆனால் சேர்த்துவைத்த கொழுப்பும் எதிரியிடம் விட்டு ஓடுகிற வசதியும் அதுவரை போச்சு.

7. பதிவு

படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு முடித்துவிடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதி, இடம், படம் மூன்றும் சேர்த்து ஏற்றினால் ஊர்வன தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் ஒபிசாப்ஸ் என்று பேரினம் வரைக்கும் மட்டும் போடுங்கள். தவறான இனப்பெயரைவிட அது எவ்வளவோ மேல். இடத்தைக் குறிக்கும்போது சுற்றளவைச் சுருக்குங்கள். மாவட்டம் முழுவதையும் வட்டம் போட்டால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது. கூடவே நேரம், வெயிலா மேகமா, மண் வகை, புல் உயரம், மேய்ச்சல் உண்டா என்று நாலு வரி எழுதுங்கள்.

இந்தச் சின்னப் பதிவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 2017இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு இந்தியாவின் பாம்புக்கண் பல்லிகளை அலசியது. பெயர் வைத்திருக்கும் இனங்களைவிடப் பல மடங்கு தனித்தனிக் கிளைகள் ஒரே தோற்றத்துக்குள் ஒளிந்திருப்பது அதில் தெரிந்தது. அடுத்த வருடமே வடமேற்கு இந்தியாவிலிருந்து கட்ச், புஷ்கர் பெயரில் இரண்டு புது இனங்கள் விவரிக்கப்பட்டன. அதாவது உங்கள் ஊர் மேட்டில் ஓடுவதற்கு இன்னும் பெயரே இல்லாமல்கூட இருக்கலாம்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் நாட்டுப் புல்வெளியும் முட்புதரும் மனிதன் காட்டை வெட்டியதால் வந்த மிச்சம் என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். வெட்டவெளியில் மட்டுமே வாழத் தெரிந்த இந்தப் பல்லிகள் இங்கே பல பத்து லட்சம் ஆண்டுகளாகக் கிளைத்துப் பெருகி வந்திருக்கின்றன, மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகு முன்னாலிருந்தே. புல் நிலம் இல்லாமல் அது நடந்திருக்காது. இப்படிப்பட்ட நிலத்தைத்தான் அரசுக் கணக்கில் தரிசு என்று எழுதுகிறோம். சோலார் பலகை போடுவதும் அங்கேதான், பிளாட் போடுவதும் அங்கேதான், போதாததற்கு நல்ல எண்ணத்தோடு குழி தோண்டி மரக்கன்று நடுகிறவர்களும் நேராக அங்கேதான் வருகிறார்கள். சோலாரும் வேண்டும், மரமும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன கெட்டுப்போகும்?

8. ஒரு தடவையோடு விடாமல்

ஒரே இடத்துக்கு மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் ஒரு மணி நேரம் நடந்து, பார்த்த எண்ணிக்கையை எழுதிவையுங்கள். பார்க்காத நாளையும் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டும், அதை விட்டால் கணக்கே தப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் புல் உயரம் மாறும்போது எண்ணிக்கை எப்படி மாறுகிறது, குஞ்சுகள் எந்த மாதம் தெரிகின்றன, மேய்ச்சல் நின்ற பட்டியில் குறைகிறதா கூடுகிறதா என்பதெல்லாம் ஒரு வருடத்தில் உங்கள் நோட்டிலேயே தெரியவரும்.

பல்லியே இல்லையென்றால் இடத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, இன்னும் கொஞ்சம் சரளை அதிகமான மேட்டுக்குப் போங்கள்.

கிடைத்த பட்டியலை ஊராட்சிக்கும் கொடுக்கலாம். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது பராமரிக்க வேண்டும். பதிவேடு எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள், மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்ணோடு சேர்த்து இனத்தின் பெயர், பார்த்த தேதி, படத்தின் பிரதி ஆகியவற்றை மனுவாக எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.